‘இங்கனதான்’ சுகந்தி

எந்த வீட்டுக்குப் போனாலும் சுகந்தி முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்ய மாட்டாள். கீபோர்டைக் கழற்றி, பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் தலைகீழாகக் கவிழ்த்து நாலு உதறு உதறுவாள். விழுவதைக் குனிந்து பார்ப்பாள். தறிக்காரர் வீடென்றால் நூல் பிசிறு விழும். டியூஷன் எடுக்கிற வீடென்றால் பென்சில் சீவிய தூள். கல்யாண மண்டபத்து ஆபீஸில் ஒருமுறை முழு முந்திரிப்பருப்பு ஒன்று விழுந்தது. அதை எடுத்து ஊதிவிட்டு, “சமையக்காரருக்குத் தெரியாம யாரோ தள்ளிட்டு வந்திருக்காக” என்று மேனேஜர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். அவர் அதற்கப்புறம் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திருச்சுழியில் முத்துத்தாய் வீட்டுக் கீபோர்டை அவள் முதன்முதலில் கவிழ்த்தபோது காராச்சேவு கொட்டியது. கொஞ்சநஞ்சமல்ல, ஒரு கை அளவு. “என்னக்கா, இது கீபோர்டா, பலகாரக் கடையா?” என்றாள். முத்துத்தாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. “உங்க அண்ணனுக்கு வெளையாடும்போது வாயி சும்மா இருக்காது” என்று பழியைக் கணவர் தலையில் போட்டார். அது போன ஆடியில். மார்கழியில் ஒரு நாள் அதே கீபோர்டை அதே மாதிரி கவிழ்த்தபோது தாளில் ஒன்றும் விழவில்லை. இன்னும் இரண்டு உதறு உதறினாள். தூசிதான் வந்தது. சுகந்தி தாளை மடித்து ஓரமாக வைத்தாள். வாயாடி அன்றைக்குக் கேலி பேசவில்லை என்பதை முத்துத்தாய் கவனித்துக்கொண்டார்.

சுகந்திக்கு முப்பத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மருந்துக் கடைக்கு மேலே, முழங்கால் வலிக்கிற மாதிரி படியேறிப் போனால் அவளுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் கம்ப்யூட்டர் அக்கா. முத்துத்தாய் வாயில் அவள் ‘அவ’தான். நாமும் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். பாலிடெக்னிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று அப்பா சொன்ன ஒரே புத்திமதி, “கரண்டுல வேலை பாக்கப் போற, கால்ல செருப்பு இல்லாம நிக்காத” என்பது. அந்தப் பேச்சை அவள் இன்றுவரை தட்டவில்லை. ஆனால் தெருச் செருப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியுமா? அதனால் பையில் தனியாக ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு வைத்திருக்கிறாள். வாசலில் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து மற்றொன்றை மாட்டிக்கொண்டுதான் மிஷின் பக்கத்தில் உட்காருவாள்.

பையில் இன்னொன்று, நீளமான கோடு போட்ட நோட்டு. எந்த மிஷினில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன்னால் அதில் எழுதிவிடுவாள். “ஒண்ண மாத்து, ஓட்டிப் பாரு, எழுதி வையி. ரெண்டை மாத்துனா எதுல சரியாச்சுன்னு சாமிக்குக்கூடத் தெரியாது” என்பாள். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் பெயர்கள் இருக்கும். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். எங்கோ இருக்கிற யாரோ, தனக்கு வந்த கோளாறை எப்படித் தீர்த்தார் என்று இணையத்தில் எழுதி வைத்திருப்பார். அதைப் படித்து இங்கே ஒரு மிஷின் பிழைத்தால், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்வதோடு விடமாட்டாள். அந்தப் பக்கத்திலேயே போய், ‘நன்றி. அருப்புக்கோட்டையில் இருந்து சுகந்தி’ என்று தமிழிலேயே எழுதிவிட்டு வருவாள். அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று முத்துத்தாய் கேட்டதற்கு, “புரியாட்டி என்னக்கா, கையெடுத்துக் கும்பிட்டா யாருக்கும் தெரியும்ல?” என்றாள்.

இவ்வளவு ஒழுங்கான மனுஷியிடம் ஒரு ஒழுங்கீனம் உண்டு. போனில் யார் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான். “இங்கனதான் இருக்கேன்.” பாலவனத்தத்தில் ஒருவர் வீட்டு மாடியில் நின்றுகொண்டு சொல்வாள். காரியாபட்டிப் பக்கம் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு சொல்வாள். கேட்கிறவர் சரி, பக்கத்தில்தான் இருக்கிறாள் போலிருக்கிறது என்று கடை வாசலில் போய் நிற்பார். பூட்டு தொங்கும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான் இது, சுகந்திக்குக் கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. கடை மாடிப்படியில் காத்திருந்து கால் கடுத்த ஒரு தமாஷ்காரர்தான் அவளுக்கு ‘இங்கனதான்’ சுகந்தி என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

முத்துத்தாயின் கணவர் சீனிச்சாமி, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற தனியார் பஸ்ஸில் இருபத்துநாலு வருஷம் கண்டக்டர். அந்த ரூட்டில் அவருடைய குரலைத் தெரியாதவர் கிடையாது. “உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கெடக்கு!” என்று பின்படியில் நின்று கத்தினால் முன்சீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். விசில் தொலைந்த நாட்களில் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் அடிப்பார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் எடுக்க வேண்டும். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், இரண்டு தட்டுக் கேட்டதும் கியரைப் போட்டுவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் வந்த கட்டிக்காக மதுரையில் அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார். சாப்பிடலாம், நடக்கலாம், பேச முடியாது. மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய் வருகிறது, அதனால் விசில்கூட ஊத முடியாது. இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறு. பேச்சுப் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று ஊருக்கு ஒரு நினைப்பு. டீக்கடையில் பார்க்கிறவர்கள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, “ஒடம்பு எப்பிடி இருக்கு?” என்று கத்தினார்கள். நாலு பேர் கத்தியதும் சீனிச்சாமி டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் தெருவுக்குப் போவதை நிறுத்தினார். போனில் வருகிற செய்திகளும் அதே ரகம்தான், கும்பிடுகிற கை பொம்மையும் ‘உடம்பைப் பார்த்துக்கங்க’வும். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அவரோடு பழையபடி பேசுகிற ஆள் ஒரே ஒருத்தர் மிஞ்சினார். முத்துத்தாயின் தம்பி சின்னத்துரை, பாலவனத்தத்துக்காரர். பழைய நாட்களில் பஸ் அருப்புக்கோட்டையில் ஐம்பது நிமிஷம் நிற்கும்போது மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஆளுக்கொரு ஊர் கட்டி, மரம் வெட்டி, வெள்ளாமை பண்ணி, படை திரட்டி, கடைசியில் ஒருவர் ஊரை மற்றவர் கொளுத்த வேண்டும். விண்டோஸில் ஓடுகிற பழைய விளையாட்டு அது. பேச்சுப் போன பிறகு சின்னத்துரை ஞாயிற்றுக்கிழமை தோறும் லேப்டாப்போடு வர ஆரம்பித்தார். மச்சான் சீனிச்சாமி முன் அறையில், மாப்பிள்ளை சின்னத்துரை உள்ளறையில். விளையாட்டின் கீழ் ஓரத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஒரு வரி இடம் உண்டு. சீனிச்சாமி அதில் தன் இருபத்துநாலு வருஷத்தையும் கொட்டினார். ‘மாப்ள, உன் மாட்டுக் கொட்டகை போச்சு, அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்க.’ ‘படியில நிக்காத மாப்ள, அம்பு விடப் போறேன்.’ உள்ளறையிலிருந்து சின்னத்துரை வாய்விட்டுத் திட்டுவார், சிரிப்பார். முன் அறையில் சத்தம் இருக்காது, ஆனால் சீனிச்சாமியின் தோள் குலுங்கும். அடுப்படியிலிருந்து அந்தத் தோளைப் பார்ப்பதற்காகவே முத்துத்தாய் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சுகந்தி வந்து பார்த்தாள். வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், போயிருந்தது. அதை மாற்றிவிடலாம், ஆனால் அந்தக் கிழட்டு மிஷின் புது விண்டோஸைத் தாங்காது. “விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸு போட்டுத் தாரேன்க்கா, குதிரை மாதிரி ஓடும்” என்று போட்டுக் கொடுத்தாள். விண்டோஸ் விளையாட்டு லினக்ஸில் ஓட, நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி இருந்து பேச ஒரு ப்ரோகிராம் உண்டு. அதற்குப் பெயர் வைன். முத்துத்தாய் ஒரு பார்வை பார்த்தார். “அது இல்லக்கா, இது வேற” என்றாள் சுகந்தி. சொன்னபடி விளையாட்டு ஓடியது. தனியாக விளையாடினால் முன்னைவிட வேகமாகவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சின்னத்துரை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மாப்பிள்ளை வந்து சேருவதற்காக மச்சான் தன் மிஷினில் கட்டி வைத்த ஆட்டம் மாப்பிள்ளையின் திரையில் வரவே இல்லை.

மறுநாளே சுகந்தி ஓடிவந்தாள். அன்றைக்கு மூன்று இடத்தில் வேலை இருந்தது, அவசரம். தன் சட்டத்தைத் தானே மீறினாள். லினக்ஸில் வெளியாளை உள்ளே விடாமல் நிற்கிற காவலைத் தளர்த்தினாள், வைனை வேறு பதிப்புக்கு மாற்றினாள், விளையாட்டை அழித்துத் திரும்ப ஏற்றினாள், எல்லாம் ஒரே மூச்சில். சோதித்துப் பார்க்கத் தன்னுடைய லேப்டாப்பை வைத்திருந்தாள். சீனிச்சாமியின் ஆட்டம் அதில் பெயராகத் தெரிந்தது. அப்பாடா என்று சேர்கிற பொத்தானை அழுத்தினால், ‘சேருகிறது, சேருகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு வெளியே தள்ளியது. போதாக்குறைக்கு விளையாட்டில் சத்தம் வேறு போய்விட்டது. நோட்டில் கோபமாக எழுதினாள்: ‘மூணையும் ஒண்ணா மாத்துனேன். எனக்கெல்லாம் ஒரு நோட்டு.’

அடுத்த வாரம் வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தாள். சத்தம் வந்துவிட்டது. காவலைத் தளர்த்தியதால்தான் பெயர் தெரிந்தது என்பதும் தெளிவாயிற்று. சேருவது மட்டும் நடக்கவில்லை. ஒரு மிஷினிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்த்தாள், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வந்தது, அதனால் வயரில் குற்றமில்லை. ஆட்டத்தை லேப்டாப்பில் கட்டிச் சீனிச்சாமியைச் சேரச் சொன்னாள். பெயர் தெரிந்தது, உள்ளே நுழையும் நேரத்தில் இவரையும் தள்ளிவிட்டது.

இதற்கிடையில் சின்னத்துரை விளையாட்டு இல்லாமலே இரண்டு ஞாயிறு வந்து பார்த்தார். மச்சானுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. மழை பேசினார், கொத்தமல்லி விதைத்ததைப் பேசினார். பேசப்பேச அவருக்கே தெரியாமல் குரல் உயர்ந்துகொண்டு போனது. சீனிச்சாமி எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சின்னத்துரை அடுப்படிக்கு வந்து, “அக்கா, நானும் அவுககிட்ட கத்த ஆரம்பிச்சிட்டேன்க்கா” என்று கண்ணைத் துடைத்தார். அதற்கப்புறம் மில்லில் ஓவர்டைம் என்று போன் வந்தது. ஐந்து ஞாயிறு ஓவர்டைம் போடுகிற மில்லு எதுவும் இல்லை என்று முத்துத்தாய்க்குத் தெரியும். தம்பியைத் திட்டவும் மனம் வரவில்லை.

கீபோர்டில் தூசி மட்டும் விழுந்தது அப்போதுதான். அன்றைக்குச் சுகந்தி வந்தபோது கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. சீனிச்சாமி அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். ‘விட்டுரும்மா. போதும்’ என்று எழுதியிருந்தது. சுகந்தி படித்தாள். மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, ஏத்துன ஆள நடுக்காட்டுல எறக்கி விட்ட கண்டக்டரா நீங்க?” என்றாள். “ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை குடுங்க. முடியலன்னா நானே துண்டைப் போத்திட்டுப் போறேன்.”

அவள் கத்தவில்லை. வழக்கமான குரலில்தான் சொன்னாள், சொல்லப்போனால் கொஞ்சம் மெதுவாகவே. சீனிச்சாமி சரி என்று தலையை ஆட்டினார். அங்கேயே நின்றபடி சுகந்தி சின்னத்துரைக்குப் போன் போட்டாள். “அண்ணே, ஞாயித்துக்கெழமை லேப்டாப்ப எடுத்துட்டு வாங்க. சரியாகுமான்னு எனக்கே தெரியாது. ஆனா நீங்க வந்தாத்தான் அது தெரியும்.” மறுமுனையிலிருந்து “வாரேன்” என்று ஒரு சொல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்துரை உள்ளறையில், சீனிச்சாமி முன் அறையில், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, நீலச் செருப்போடு சுகந்தி. முத்துத்தாய்க்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. காய் நறுக்குவதும் வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். சுகந்தி இந்தத் தடவை புதிதாக ஒன்று செய்திருந்தாள். வலையில் இந்த மிஷினுக்குள் வருவது, போவது எல்லாவற்றையும் வரிவரியாகக் காட்டுகிற ஒரு ப்ரோகிராமைத் திறந்து வைத்திருந்தாள். “யாரு வாசலுக்கு வந்தாலும் இதுல தெரிஞ்சிரும்க்கா” என்றாள்.

“அண்ணே, சேருங்க” என்று உள்ளறையைப் பார்த்துச் சொன்னாள்.

“அமுக்கிட்டேன்மா.”

திரையில் புதிதாக ஒரு வரிகூட வரவில்லை.

“திருப்பி அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன். சுத்துது.”

வரவில்லை. நாலு தடவை ஆயிற்று. சுகந்தி பேனாவைக் கடித்தாள். “வாசலுக்கே வரலையே. வந்து கதவு தொறக்கலன்னா ஒரு கத. இது கெளம்புது, ஆனா இங்க வரல. எங்கதான் போகுது?” என்று தனக்குள் முனகினாள். சீனிச்சாமி கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். துண்டு நாற்காலியின் முதுகில் தயாராகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுகந்தியின் போன் அடித்தது. மல்லாங்கிணற்றிலிருந்து யாரோ, பிரிண்டருக்காகக் காத்திருக்கிறவர். சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இங்கனதான் இருக்கேன்ண்ணே, வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கவலையிலும் முத்துத்தாய்க்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏத்தா, திருச்சுழியில உக்காந்துக்கிட்டு இங்கனதாங்கிற. மல்லாங்கிணத்துக்காரரு அவரு தெருவுலயில்ல உன்னத் தேடிக்கிட்டுக் கெடப்பாரு?”

சுகந்தி பேனாவை வாயிலிருந்து எடுத்தாள். மெதுவாகத் திரும்பி முத்துத்தாயைப் பார்த்தாள்.

“அக்கா, இப்ப என்ன சொன்னீக?”

“தப்பா ஒண்ணும் சொல்லலத்தா...”

“இல்லக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க.”

முத்துத்தாய் பயந்துபோய் இன்னொரு தடவை சொன்னார். சுகந்தி கீபோர்டின் மேல் பாய்ந்தாள். இரண்டு சொல் தட்டி ஒரு சின்னக் கோப்பைத் திறந்தாள். அதில் மொத்தமே நாலைந்து வரிதான். இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். அந்த மிஷினின் பெயருக்கு நேராக நூற்றிருபத்தேழில் தொடங்குகிற ஒரு எண் இருந்தது.

“அக்கா, அண்ணே, பாருங்க. இந்த மிஷினுகிட்ட ‘நீ எங்க இருக்க’ன்னு வெளையாட்டு கேக்குது. இது என்ன சொல்லுதுன்னா, ‘இங்கனதான் இருக்கேன்’ங்குது. நூத்தி இருபத்தேழுன்னு ஆரம்பிச்சா எந்த மிஷினுக்கும் அது தன் வீடுதான். வெளையாட்டு அந்த நம்பரையே சின்னத்துரை அண்ணன் லேப்டாப்புக்கு விலாசம்னு அனுப்பி வைக்குது. அந்த லேப்டாப்பு அதை நம்பி, இங்கனதான்னா நம்ம வீடு போலன்னு, அதுவே அது கதவத் தட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு! எப்பிடி இங்க வரும்?” சொல்லிக்கொண்டே நெற்றியில் அறைந்துகொண்டாள். “லினக்ஸு போடும்போதே இந்த வரி தன்னால வந்துரும்க்கா. நான் எத்தன மிஷினுக்குப் போட்டிருக்கேன். இதப் பாத்திருக்கணும். எனக்குத் தோணுமா? நானே அப்பிடித்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.”

உள்ளறையிலிருந்து சின்னத்துரை எழுந்து வரப்போனார். “அண்ணே, அங்கனயே இருங்க, அசையாதீக” என்று தடுத்துவிட்டு, நோட்டை எடுத்தாள். இவ்வளவு அவசரத்திலும் முதலில் எழுதினாள். அந்த ஒரு வரியில் நூற்றிருபத்தேழை அழித்து, வீட்டு ரௌட்டர் இந்த மிஷினுக்குக் கொடுத்திருந்த உண்மையான எண்ணைப் போட்டாள். வேறு எதையும் தொடவில்லை. விளையாட்டை மூடித் திறந்தாள். சீனிச்சாமி ஆட்டத்தைக் கட்டினார்.

“சேருங்கண்ணே.”

திரையில் வரிகள் வந்தன. ஒன்று, இரண்டு, பத்து, அப்புறம் எண்ண முடியாத வேகத்தில் வழிந்துகொண்டே போயின. விளையாட்டில் ‘சீனி’ என்ற பெயருக்குக் கீழே ‘துரை’ என்ற பெயர் வந்து நின்றது. சுழலவில்லை, வெளியே தள்ளவில்லை. அப்படியே நின்றது.

சீனிச்சாமி மடியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். எழுதியதைச் சுகந்திதான் முத்துத்தாய்க்கு வாசித்துக் காட்டினாள். ‘உள்ள வா மாப்ள, உள்ள எடம் கெடக்கு.’

உள்ளறையில் சின்னத்துரை சிரித்தாரா அழுதாரா என்று முத்துத்தாய்க்குப் பிடிபடவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. அப்புறம், “மச்சான், இன்னைக்கு உங்க ஊரக் கொளுத்தாமப் போக மாட்டேன்!” என்று கேட்டது. கத்தல்தான். ஆனால் இந்தக் கத்தல் வேறு. முன் அறையில் சீனிச்சாமியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுகந்தியின் கையைப் பிடித்தார். நன்றி என்றெல்லாம் அந்த வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை. “நல்லா இருப்பத்தா. நீயும் நீ கும்பிடுற அந்த வெளிநாட்டுக்காரவுகளும் நல்லா இருப்பீக” என்றார். பிடித்த கையை விடவும் மறந்துபோனார்.

சுகந்தி அப்புறமும் அரை மணி நேரம் இருந்தாள். ரௌட்டரில் போய், இந்த எண் என்றைக்கும் மாறாதபடி எழுதி வைத்தாள். தளர்த்திய காவலில் வேண்டிய வழியை மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பழையபடி மூடினாள். பிறகு போனில் தேடிப் பார்த்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இதே கோளாறை, இதே வரியோடு எழுதி வைத்திருந்தார். “பாருங்கக்கா, நமக்கு முன்னாடியே ஒரு புண்ணியவான் இந்தக் குழியில விழுந்து எந்திரிச்சிருக்காரு. எப்பிடித் தேடணும்னு தெரியாமப் போச்சு.” அவர் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே இன்னொரு பெயரையும் எழுதினாள். ‘முத்துத்தாய் அக்கா, திருச்சுழி’ என்று எழுத்துக் கூட்டிப் படித்த முத்துத்தாய், “என் பேரு எதுக்குத்தா?” என்றார். “கண்டுபிடிச்சது நீங்கதானக்கா” என்றாள் சுகந்தி.

முத்துத்தாய் உள்ளே போய் ஒரு தட்டு நிறையக் காராச்சேவைக் கொண்டுவந்தார். அதைக் கீபோர்டுக்கு வெகு பக்கத்தில் வைத்தார்.

“அக்கா, கீபோர்டுக்குள்ள விழுகும்.”

“விழுகட்டும். நீ வந்து உதறிக் குடு.”

சுகந்தி நீலச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மல்லாங்கிணற்றுக்காரர் மறுபடி கூப்பிட்டார். “இங்கன...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “திருச்சுழியில இருக்கேன்ண்ணே. கெளம்பிட்டேன், ஒரு மணி நேரம் ஆகும்” என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக விலாசம் சொன்ன சுகந்தியை நினைத்து முத்துத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது முத்துத்தாய்க்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சீனிச்சாமி. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார், உள்ளேயிருந்து சின்னத்துரை ‘மச்சான், எங்க போனீக?’ என்று கூவிக்கொண்டிருந்தார். கழுத்துத் துணியைச் சரிசெய்தபடி வாசற்படியில் ஒரு கணம் நின்றார். எதிர் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், டீக்கடைப் பக்கம் போகிற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பல மாதமாகக் கால் படாத அந்தத் தெருவில் அவர் இறங்கினார். நேராக ஸ்கூட்டருக்குப் பின்னால் போனார். உள்ளங்கையை விரித்து, அதன் பின்பக்கத் தகரத்தில் படார் படார் என்று இரண்டு தட்டு தட்டினார்.

சுகந்தி திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.